பரண்மேல் பாதிப் போர்வை

சென்னையில் போர்வைக்கு என்ன வேலை? மார்கழியில் விடியற்காலை இரண்டு மணி நேரம், ஐப்பசி அடைமழையில் நாலைந்து ராத்திரி. மற்ற நாளெல்லாம் ஃபேனுக்கு நேர்கீழே யார் படுப்பது என்பதில்தான் சண்டை. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டிய தெருக்களில் புழுக்கம் இன்னும் ஒரு படி கூடுதல். ஆனாலும் இந்த வீடுகளில், பழைய நூல் புடவையை மடித்து ஓட்டுத்தையல் போட்ட விரிப்பு ஒன்றாவது இருக்கும். யாரும் அதைப் போர்த்திக்கொள்வதில்லை. கைக்குழந்தைக்கு அடியில் போடுவார்கள். சிமெண்ட் தரையில் படுக்கும் பாட்டிக்கு அடியில் போடுவார்கள். சித்திரையில் மொட்டைமாடித் தரையில் தண்ணீர் தெளித்துச் சூட்டைத் தணித்து, பாய் விரித்து, அதன்மேல் போடுவார்கள்.

மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, கீழே ஒரு முழுத்துணி, மூன்றையும் சேர்த்துத் தையல். இதுதான் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ‘குயில்ட்’. செல்போன் வீடியோக்களின் தயவில் இப்போது அது தண்டையார்பேட்டை வரை வந்துவிட்டது. தையல் தெரிந்த பெண்கள், புதிதாகக் கற்றுக்கொண்ட கல்லூரி மாணவிகள், ஓய்வுபெற்ற டீச்சர்கள் என்று ஆசையாக ஆரம்பிக்கிறார்கள். சதுரம் சதுரமாக வெட்டி, நிறம் பார்த்துத் தரையில் பரப்பி, போட்டோ எடுத்து, பாதியை இணைக்கிறார்கள். பிறகு ஒரு கல்யாணம், ஒரு பரீட்சை, ஒரு மழை. எல்லாம் ஒரு பைக்குள் போய்ப் பரணில் ஏறிவிடும். அந்தப் பை பல வருஷம் இறங்குவதில்லை.

சோம்பல் என்று சொல்லிவிடுவது சுலபம். வீட்டில் மாமியார் சொல்வதும் அதைத்தான்: “ஆரம்பிக்கிறதெல்லாம் நல்லாத்தான் ஆரம்பிப்பே.” எனக்கு அந்தக் காரணத்தில் நம்பிக்கை இல்லை. நின்றுபோவதற்கென்றே ஓர் இடம் தைக்கும் முறைக்குள்ளேயே இருக்கிறது. அந்த இடம் இல்லாத இன்னொரு முறையும் உண்டு. அதைத் தேடிக் கடல் தாண்ட வேண்டாம், கர்நாடகம் வரை போனால் போதும்.

துணி வரும் வழி

முதலில் துணி. அதற்கு வடசென்னையில் பஞ்சமே கிடையாது. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொண்டவர்களுக்கு, துணி வியாபாரத்தின் முன்பக்கம் தெரியும். பின்பக்கம் சந்துகளில் இருக்கிறது. நைட்டி, இன்ஸ்கர்ட், சுடிதார், ஸ்கூல் யூனிஃபார்ம் என்று ஜாப் ஒர்க் வீடுகளுக்குள்ளேயே ஓடுகிறது. கட்டிங் மாஸ்டர் துணியை அடுக்கி வெட்டும்போது எப்படிக் கணக்குப் போட்டாலும் ஓரம் மிஞ்சும். ரெடிமேட் தொழிலில் நூற்றுக்குப் பதினைந்து போகும் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

தெருமுனையில் ஜாக்கெட் தைக்கும் அக்காவிடம் கிடைப்பது வேறு வகை. டூ பை டூ துணியில் கை வெட்டியபின் நிற்கும் முக்கோணம், கழுத்துக்கு எடுத்த அரைவட்டம், லைனிங் துணியின் நீளக் கீற்று. “அக்கா, வேஸ்ட்டு இருந்தா கவர்ல போட்டு வெய்ங்கக்கா” என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும், பெரும்பாலும் காசுகூடக் கேட்க மாட்டார்கள். தலையணைக்குத் திணிக்க வேறு யாரேனும் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தால்தான் சிக்கல்.

தலையணையும் மிதியடியும்தான் வெட்டுத்துணியின் நிரந்தர வாடிக்கைகள். மூன்றாவது வாடிக்கை தொழிற்சாலை. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் மிஞ்சுவது ‘பனியன் வேஸ்ட்’ என்ற பெயரில் மூட்டை மூட்டையாக லேத் பட்டறைக்கும் லாரி ஷெட்டுக்கும் கப்பலின் இன்ஜின் அறைக்கும் போய்ச் சேர்கிறது. கிரீஸ் துடைத்ததோடு அதன் ஆயுள் முடிந்தது. எதிலும் சேராத மிச்சம் கொடுங்கையூர் குப்பை மேட்டுக்கு. நூல் துணியாவது மக்கும். பாலியெஸ்டர் மக்குவதற்கு நம் பேரப்பிள்ளைகள் காலமும் போதாது.

இங்கே சரித்திரத்துக்குள் கொஞ்சம் போய்வரலாம். இந்தக் கடற்கரையே துணிக்காகப் பிடிக்கப்பட்ட கடற்கரை. 1639-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் டே இங்கே இடம் கேட்டு வாங்கியதற்கு முக்கியக் காரணம், இந்தப் பக்கத்துத் துணி மலிவு என்பதுதான். நெய்த துணியைச் சலவை செய்து வெளுக்க வெட்டவெளியும் தண்ணீரும் வேண்டியிருந்தது. கம்பெனியின் சலவைக்காரர்கள் குடியேறிய இடம் வண்ணாரப்பேட்டை ஆனது. 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களுக்காகத் திருவொற்றியூர் அருகே ஒரு பேட்டையை ஏற்படுத்தித் தன் பெயரையே வைத்தார். அந்தக் காலெட் பேட்டைதான் இன்றைய காலடிப்பேட்டை. அங்கே நெசவு போயிற்று. கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கிறது, காலெட்டைப் பற்றிய கதையும் அந்தக் கோயிலோடு சேர்ந்தே சொல்லப்படுகிறது.

சோழமண்டலக் கரையில் சாயமிட்டு வரைந்த சீட்டித் துணிக்கு இங்கிலாந்தில் அப்போது பித்துப் பிடித்திருந்தது. அங்கே கம்பளியும் பட்டும் நெய்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். 1700-இல் போட்ட சட்டம் இந்தியாவில் அச்சிட்ட துணியை இங்கிலாந்தில் விற்க விடாமல் தடுத்தது. 1720-களின் தொடக்கத்தில் வந்த அடுத்த சட்டம் இன்னும் கடுமை, அச்சுத்துணியை உடுத்துவதையே குற்றமாக்கியது. 1774 வரை அந்தத் தடை நீடித்தது. கிடைக்காத பொருளுக்குத்தானே மதிப்பு? ஏற்கெனவே கையில் இருந்த சீட்டியின் சின்னத் துணுக்கைக்கூட வீசாமல் பத்திரப்படுத்தினார்கள். இங்கிலாந்தின் மிகப் பழைய ஒட்டுத்துணிப் போர்வைகளில் ஒன்று லெவன்ஸ் ஹால் என்ற மாளிகையில் இருக்கிறது. 1708 வாக்கில் தைத்தது என்று கருதப்படும் அது, இந்தியச் சீட்டித் துண்டுகளால் ஆனது. குயில்ட் என்றாலே வெள்ளைக்காரர்கள் கலை என்று ஒதுங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அவர்கள் ஊசி, நம் துணி.

எந்தப் போர்வை முடிகிறது?

முடிந்த போர்வைகளை எடுத்துப் பார்த்தால், அவை முடிந்ததற்குத் திறமை மட்டும் காரணமில்லை என்று தெரிகிறது.

1841 ஏப்ரல் 5 அன்று ‘ராஜா’ என்ற கப்பல் இங்கிலாந்தின் வுல்விச்சிலிருந்து புறப்பட்டது. நாடு கடத்தப்பட்ட கைதிகளாகச் சுமார் 180 பெண்கள் அதில் இருந்தார்கள். சிறைச் சீர்திருத்தவாதி எலிசபெத் ஃப்ரையின் குழுவினர் கப்பலேறும் பெண்களுக்குக் கொடுத்தனுப்பும் பையில் ஊசி, நூல், விரல்கூடு, கத்தரி ஆகியவற்றோடு இரண்டு பவுண்டு எடை வெட்டுத்துணியும் இருக்கும். ஜூலை 19 அன்று கப்பல் டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டைத் தொட்டபோது, 2,815 துண்டுகள் கொண்ட ஒரு பெரிய விரிப்பு தயாராக இருந்தது. பிறகு அது கைமாறிக் கைமாறிக் காணாமல் போய், ஒன்றரை நூற்றாண்டு கழித்து ஸ்காட்லாந்தில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து வெளிவந்தது. 1989 முதல் கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதன் தையல் ஒரே சீராக இல்லை. சில இடத்தில் பழகிய கை, சில இடத்தில் அன்றைக்குத்தான் ஊசி பிடித்த கை. சில துண்டில் ரத்தக் கறைகூட உண்டு.

மூன்றரை மாதத்தில் அது முடிந்தது எப்படி? தைக்கும் கைகள் நிறைய இருந்தன, உண்மைதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இரண்டு: கரை சேரும் நாள் ஒன்று இருந்தது, நடுக்கடலில் புதிதாகத் துணி சேர்க்க வழி இல்லை. பையில் இருப்பதுதான் துணி. இன்றைக்கு நம் பரண்மேல் உள்ள பைக்கு இந்த இரண்டுமே கிடையாது. ஒரு வாரம் தைத்தால், அடுத்த வாரம் டெய்லர் அக்கா இன்னொரு கவர் தருகிறார். அதில் ஒரு மாம்பழ மஞ்சள். அது வந்ததும் பழைய திட்டம் பிடிக்காமல் போய்விடுகிறது. சேர்க்கும் வேகம் தைக்கும் வேகத்தைத் தாண்டும்போதே அந்தப் போர்வை பரணுக்கு வழி கேட்க ஆரம்பித்துவிடும்.

நாள் குறித்த ஒட்டுத்துணி வேலை நம்மிடமும் உண்டு. தேருக்குக் கட்டும் தொம்பையும் தேர்ச்சீலையும் வண்ணத் துணியை வெட்டி, துணிமேல் துணி வைத்துத் தைத்தவைதான். யாளி, மயில், தாமரை என்று உருவங்களை வெட்டி ஒட்டும் இந்த வேலைக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் பேர் போனது. தேரோட்டத்துக்கு நாள் குறித்தாகிவிட்டால் தொம்பை தைப்பவர் ‘அடுத்த மாசம் பார்க்கலாம்’ என்று சொல்ல முடியுமா?

இனி அந்த நின்றுபோகும் இடம். மேல்நாட்டு முறையில் வேலை இரண்டு கட்டம். துண்டுகளை இணைத்து மேல்துணியை முழுசாக உருவாக்குவது முதல் கட்டம். அதைப் பஞ்சின்மேலும் அடித்துணியின்மேலும் சுருக்கமில்லாமல் பரப்பி, மூன்றும் நகராதபடி பெரிய பெரிய தையலாக ஓட்டிப் பிடித்து, பிறகு முழுக்கத் தைப்பது இரண்டாம் கட்டம். முதல் கட்டம் மடியில் வைத்துச் செய்யக்கூடியது, நிறம் பார்க்கும் சந்தோஷமும் அதில்தான். இரண்டாவதற்கு ஆறடிக்கு ஆறடி வெறும் தரை வேண்டும், அதுவும் யாரும் மிதிக்காத தரை. பத்துக்குப் பத்து அறையில் கட்டில், பீரோ, தண்ணீர்க் குடம், பையனின் சைக்கிள் எல்லாம் போக மிச்சம் எவ்வளவு? ஒரு மத்தியானம் தரையில் பரப்பினால், சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் சுருட்டியாக வேண்டும். சுருட்டினால் அடுக்குகள் நகர்ந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. பரணில் உள்ள பைகளைப் பிரித்தால் பெரும்பாலும் மேல்துணி முக்கால்வாசி தயாராக இருப்பதற்குக் காரணம் இதுதான். தைக்கும் ஆசை அங்கே தீரவில்லை, தரை தீர்ந்துபோயிற்று.

ஓரத்திலிருந்து நடுவுக்கு

உத்தர கன்னட மாவட்டத்தின் காடுகளை ஒட்டி, எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பகுதிகளில் சித்திகள் வாழ்கிறார்கள். நூற்றாண்டுகளுக்கு முன் போர்ச்சுகீசியர்களும் மற்றவர்களும் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களில் இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் மூன்று மதத்தாரும் உண்டு. அந்தப் பெண்கள் தைக்கும் ஒட்டுத்துணி விரிப்புக்குக் ‘கவந்தி’ என்று பெயர். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக் கலை வரலாற்றாளர் ஹென்றி டிரூவல் இதைப் பார்த்து வியந்து, 2004-இல் அந்தப் பெண்களின் கூட்டுறவுக் குழு உருவாகத் துணை நின்றார். 2011-இல் நியூயார்க்கின் ஷோம்பர்க் மையத்தில் இந்த விரிப்புகளுக்குத் தனிக் கண்காட்சியே நடந்தது.

கவந்தி தைக்கும்போது மேல்துணி, நடுத்துணி, அடித்துணி என்று தனித்தனிக் கட்டமே இல்லை. அடியில் ஒரு பழைய புடவை. அதன் ஒரு மூலையில் ஆரம்பிக்கிறார்கள். ஓரத்தை உள்ளே மடித்து, ஒரு துண்டை வைத்து, எல்லா அடுக்கும் சேரும்படி ஓட்டுத்தையல். அடுத்த துண்டை முதல் துண்டின் ஓரத்தை மூடுமாறு வைத்து, தையலை நிறுத்தாமல் தொடர்கிறார்கள். நாலு பக்கமும் சுற்றி வந்தால் ஒரு சுற்று. அதற்கு உள்ளே அடுத்த சுற்று. கோலத்தில் இழை சுற்றுவதுபோல ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நகர்ந்து, நடுவில் கடைசித் துண்டு மூடும்போது வேலை முடிகிறது. ஒட்டுவதும் அடுக்கைப் பிணைப்பதும் ஒரே ஊசி ஓட்டத்தில். நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணியைப் பூ மாதிரி வைத்து முடிப்பார்கள். ‘பூலா’ என்று அதற்குப் பெயர். அது இல்லாத விரிப்பு அவர்களுக்கு அம்மணமான விரிப்பு.

இதில் பாதியில் நின்றால் என்ன ஆகும்? ஓரம் ஏற்கெனவே மடித்துத் தைத்தாகிவிட்டது. நடுவில் மட்டும் வெறும் புடவை தெரியும். அப்படியே எடுத்து விரித்தாலும் பிரிந்துவராது. பரணில் ஏற்ற வேண்டிய அவசியமே கிடையாது, பயன்படுத்திக்கொண்டே மிச்சத்தைத் தைக்கலாம். பெரிய தரை வேண்டாம்; மடியில் வைத்து, எந்தப் பக்கம் தைக்கிறோமோ அந்தப் பக்கத்தை மட்டும் விரித்தால் போதும். வாசற்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்யலாம். வடசென்னை வீட்டுக்கென்றே யோசித்துக் கண்டுபிடித்த மாதிரி இருக்கிறது.

நம் பாட்டிகளின் புடவை விரிப்பும் இதே குடும்பம்தான். சாதாரணப் புடவை ஐந்தரை மீட்டர், அதாவது பதினெட்டு அடி. மூன்றாக மடித்தால் ஆறடி நீளம், நாலடிக்குச் சற்றுக் குறைவான அகலம்: ஓர் ஆள் படுக்கும் அளவு. பஞ்சு தேவையில்லை, மூன்றடுக்கும் புடவையே. நடுவில் இன்னொரு பழைய வேட்டியை வைத்தால் இன்னும் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். கிழிந்த இடத்தில் மட்டும் ஒட்டுப் போடுவது அவர்கள் வழக்கம். கிழிசலுக்குக் காத்திருக்காமல் முழுக்க ஒட்டுப் போட்டால் அதுவே கவந்திக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

பஞ்சு வைக்காததற்கு இந்தப் பகுதியில் இன்னொரு நியாயமும் உண்டு. 2015 டிசம்பர் மழையிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த தெருக்களில், அடுத்த வாரம் வாசலில் கிடந்தவை இலவம்பஞ்சு மெத்தைகள். நனைந்த பஞ்சு மறுபடி எழுந்திருப்பதில்லை. எண்ணூர் பக்கம் அந்த 2023 வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. அதில் நனைந்த எதையும் காப்பாற்ற வழியில்லை, அது தனிக் கதை. வெறும் மழைத் தண்ணீர் என்றால் புடவை விரிப்பை அலசிக் கொடியில் போட்டால் ஒரே வெயிலில் காய்ந்துவிடும். ராயபுரத்துக்காரர்கள் கொடியில் போடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்வார்கள். துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிக்கொண்டிருந்த காலத்தில் மாடியில் காயப்போட்ட வெள்ளைத் துணி சாம்பல் நிறமாகத்தான் இறங்கும். உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-இல் நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. ராயபுரத்துக் கொடிகள் வெளுத்தன. எண்ணூர்க் கொடிகளைப் பற்றி எண்ணூர்க்காரர்களைக் கேட்க வேண்டும்.

சாயம், எடை, காக்கி

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு, படத்தில் பார்க்கும்போது தெரியாத விஷயங்கள் சில உண்டு. எல்லாத் துண்டையும் முதலில் ஒரு முறை தண்ணீரில் போட்டு எடுத்துவிட வேண்டும். துணி சுருங்குவது ஒரு பக்கம், சாயம் இன்னொரு பக்கம். ஈரத் துண்டை வெள்ளைத் துணியில் வைத்து அழுத்தினால் கறை இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். சாயம் போகும் துணிக்கும் நம் ஊருக்கும் பழைய உறவு. 1958-இல் இங்கிருந்து அமெரிக்காவுக்குப் போன கட்டம்போட்ட மெட்ராஸ் துணி, துவைத்ததும் நிறம் விட்டு ஓடியதாம். வாங்கியவர்கள் வழக்குப் போடப் போக, விளம்பரக்காரர்கள் ‘சாயம் போகும் என்பதற்கு நாங்கள் கேரண்டி’ என்று அதையே பெருமையாக்கி விற்றார்கள் என்று சொல்வதுண்டு. பிறகு கட்டத்துணிகளைத் துண்டுபோட்டு இணைத்த ஒட்டு மெட்ராஸ் சட்டைகளும் அங்கே ஃபேஷனாகின. சட்டையில் அது சரி. பேரனுக்குத் தைக்கும் விரிப்பில் சிவப்பு இறங்கினால் கேரண்டி கொடுக்க நமக்கு விளம்பரக்காரர் கிடையாது.

எடை அடுத்தது. டூ பை டூவையும் ஜீன்ஸையும் பக்கத்தில் வைத்துத் தைத்தால், ஜீன்ஸ் மெல்லிய துணியை இழுத்துக் கிழித்துவிடும். கனத்தை வைத்துத் துண்டுகளைப் பிரித்துக்கொள்வது நிறத்தை வைத்துப் பிரிப்பதைவிட முக்கியம். ஜாக்கெட் மிச்சமாக வரும் முக்கோணங்களில் ஒரு பக்கமாவது குறுக்குவெட்டாக இருக்கும். அந்தப் பக்கம் இழுத்தால் நீளும். அதை ஓரத்தில் வைக்காமல், அடுத்த துண்டால் மூடும்படி உள்ளே வைத்துவிட்டால் தொந்தரவில்லை. சிந்தெடிக் துணுக்குகளை நான் சேர்க்கவே மாட்டேன். சென்னை வியர்வைக்கு அது ஆகாது.

மிஷினில் தைக்கலாமா என்றால், தைக்கலாம். சமூகநலத்துறை ஏழைப் பெண்களுக்குத் தரும் இலவசத் தையல் மிஷின் இந்தப் பகுதியில் பல வீடுகளில் உண்டு. அந்தத் திட்டத்துக்கு வைத்திருப்பது சத்தியவாணி முத்துவின் பெயர். பெரம்பூர்த் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனவர் அவர். நாலடுக்குக்கு 16-ஆம் நம்பர் ஊசி போட்டு, தையலை நீளமாக்கிக்கொண்டால் ஓடும். ஆனால் மிஷினின் கழுத்துக்குள் ஆறடி விரிப்பைச் சுருட்டித் திணித்துத் தள்ளுவது தோளுக்கு வேலை. ஓரச் சுற்றுகளை மிஷினிலும் உள் சுற்றுகளைக் கையிலும் தைப்பது நடைமுறைக்கு நல்லது.

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு துணி உண்டு, யூனிஃபார்ம். 1948-இல் தொடங்கி எண்ணூரில் வளர்ந்த அசோக் லேலண்ட், 1955-இல் ஆரம்பித்த என்ஃபீல்டு, திருவொற்றியூரில் பலூன் செய்து தொடங்கிய எம்.ஆர்.எஃப்., துறைமுகம், ரயில்வே என்று இங்கே பல வீட்டு பீரோக்களில் காக்கியும் நீலமும் மடித்து வைத்திருக்கும். ரிட்டயரான பிறகும் தூக்கிப்போட மனம் வராது. காக்கியோடு இந்தப் பகுதிக்குள்ள உறவும் புதிதில்லை: பெரம்பூரில் பி அண்ட் சி மில் 1996-இல் மூடப்படும் வரை காக்கிக்குப் பேர்பெற்ற மில்லாகவே இருந்தது.

யூனிஃபார்மைப் போர்வையாக்கியவர்கள் இருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள், சீருடைக் கம்பளித் துணுக்குகளைக் கொண்டு நுணுக்கமான விரிப்புகள் தைத்தார்கள். குடிக்கும் நேரத்தைக் குறைக்க இது நல்ல வழி என்று மேலதிகாரிகளும் மதுவிலக்குக்காரர்களும் ஊக்கப்படுத்தினார்கள். பிரான்சிஸ் பிரேலி என்ற சிப்பாய் தைத்த ஒன்று லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆண்கள் ஊசி பிடிக்க மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் பிரேலியைக் காட்டலாம். வலை முடையும் காசிமேட்டு ஆண்களைக் காட்டினாலும் போதும்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சின்ன ஊரில் தைத்தது. அடிமைகளாகப் பருத்திக் காட்டில் உழைத்தவர்களின் சந்ததி வாழும் ஊர் அது. அங்கே மிசூரி பெட்வே என்ற பெண், கணவர் இறந்த பிறகு 1942-இல் அவருடைய வேலை உடுப்புகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். நீலமும் பழுப்புமாக வெளிறிய துணி, இடையில் கொஞ்சம் சிவப்பு. ‘அவர் துணியைப் போர்த்திக்கொள்ளத் தைக்கிறேன்’ என்ற பொருளில் அம்மா சொன்னதாக மகள் பின்னாளில் நினைவுகூர்ந்தார். 2002-இல் ஜீஸ் பெண்ட் போர்வைகள் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்துக்கு வந்தபோது, நவீன ஓவியத்துக்கு இணை என்று விமர்சகர்கள் எழுதினார்கள். ஓவியம் என்ற பாராட்டு எனக்குச் சற்று அதிகப்படியாகவே படுகிறது. முழங்கால் தேய்ந்த இடம் வெளிறியும், பாக்கெட் பிரித்த இடம் கருநீலமாகவும் இருக்கும் ஒரு பேண்ட் துணி, யாரும் வரையாமலே அந்த வடிவத்தைக் கொடுத்துவிடுகிறது. காக்கி டிரில்லிலும் அப்படித்தான். பாக்கெட்டைப் பிரித்துத் தேய்த்துச் சமன் செய்துவிடாமல் அப்படியே வைத்துத் தைத்தால் நன்றாக இருக்கும். கனமான துணி என்பதால் அடியில் புடவை ஓரடுக்கு போதும்.

பையை இறக்கிய பிறகு

சரி, பரணில் ஏற்கெனவே இருக்கும் பை? முழுசாக இணைத்த மேல்துணி இருந்தால் அதை வீணாக்க வேண்டாம். ஒரு புடவையை மூன்றாக மடித்து, அதன் ஓரத்திலிருந்து கவந்தி முறையில் துண்டுகளை வைத்து உள்ளே வந்துகொண்டே இருங்கள். நடுவில் அந்த மேல்துணி அளவுக்கு இடம் வந்ததும், அதையே ஒரு பெரிய ஒட்டாக வைத்து, அதன் இணைப்புக் கோடுகளின்மேல் தையல் ஓட்டிவிடலாம். டபுள் கட்டிலுக்கு என்று ஆரம்பித்தது பத்துச் சதுரத்தோடு நின்றிருந்தால், டபுள் கட்டிலை மறந்துவிட்டுக் குழந்தை விரிப்பாக்குவது மேல். மூன்றடிக்கு மூன்றடி போதும். அதுவும் முடியாத அளவுக்குக் குறைவென்றால் தலையணை உறை. அளவைக் குறைப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. 2019-இல் சென்னையிலேயே குயில்ட் விழா நடந்தது. அப்படிப்பட்ட இடத்தில் மாட்டியிருக்கும் பெரிய போர்வைகளைப் பார்த்துவிட்டு அதே அளவில் வீட்டில் ஆரம்பிப்பதுதான் வம்பு.

தைத்து முடிக்கும் வரை டெய்லர் அக்காவிடம் புதுக் கவர் வாங்கக் கூடாது. இதைக் கடைப்பிடிப்பது மற்ற எல்லாவற்றையும்விடக் கடினம்.

பை நம்முடையது இல்லாமல், இறந்துபோன அம்மாவுடையதாகவோ பெரியம்மாவுடையதாகவோ இருந்தால் கொஞ்சம் நிதானம் வேண்டும். எடுத்தவுடன் வாளியில் ஊறப்போடாதீர்கள். பாதி இணைத்த ஓரங்கள் தண்ணீரில் பிரிந்து நூல் நூலாக வந்துவிடும். முதலில் பழைய தையலை இரண்டு விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். நூல் பட்டென்று அறுந்தால் துணி நன்றாக இருந்தாலும் தையல் இனித் தாங்காது. அந்தக் கோட்டின் மேலேயே புது நூலில் ஒரு முறை ஓட்டிவிட வேண்டும். துணியே விரலில் கிழிந்தால் அந்தத் துண்டின் மேல் மெல்லிய வாயில் துணியை வைத்து மூடிவிடலாம், அடியில் உள்ள பூ தெரியும். அவர் தைத்த கோணலைப் பிரித்து நேராக்குவது உங்கள் இஷ்டம். நான் பிரிக்க மாட்டேன்.

கடல் காற்றுக்கு ஒரு குணம் உண்டு. துணியில் குத்தி மறந்த ஊசியையும் குண்டூசியையும் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடிக்க வைத்துவிடும். பையை மறுபடி ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எல்லா ஊசியையும் எடுத்துவிட்டு, துணியை நன்றாக வெயிலில் காட்டி, பாலித்தீன் கவரில் போடாமல் பழைய வேட்டியில் சுற்றி, ஓர் ஓரத்தில் பாச்சா உருண்டையை முடிந்து வையுங்கள். ஏற்கெனவே துருக்கறை இருந்தால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசினால் பெரும்பாலும் மங்கிவிடும். சாயத் துணியில் மட்டும் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கும் போகாத கறையென்றால், அதன்மேல் இன்னோர் ஒட்டு.